ஜப்பானில் முகவரி அட்டை பரிமாறும் முறை
ஜப்பானிய நிறுவனத்தாரை முதன்முறையாகச் சந்திக்கச் செல்பவர், அங்கே மெய்ஷி எனப்படும் முகவரி அட்டைகளைச் சட்டைப்பையில் திணிக்காமல் தனி உறையில் எடுத்துச் செல்ல வேண்டும். எழுந்து நின்று, எதிரில் இருப்பவர் படிப்பதற்கு வாகாக எழுத்துகளைத் திருப்பி, இரு கைகளாலும் அட்டையை நீட்டி, நிறுவனத்தின் பெயரையும் தம் பெயரையும் சொல்லிச் சற்றே தலைவணங்குவது முறை. பதவியில் மூத்தவரிடமிருந்தே தொடங்க வேண்டும். பெற்ற அட்டைகளை நிதானமாகப் படித்துவிட்டு, அவர்கள் அமர்ந்திருக்கும் வரிசையிலேயே மேசைமீது வைத்துக்கொண்டால் பெயர்கள் குழம்பாது. அட்டை தந்தவரின் கண்ணெதிரே அதில் குறிப்பெழுதுவது மரியாதைக் குறைவு. அமெரிக்காவிலோ ஒரு கையால் வாங்கி அப்படியே பையில் போட்டுக்கொண்டாலும் பொதுவாக எவரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால், டோக்கியோவில் முதல் சந்திப்பிலேயே விலையைப் பேசி முடிக்க அவசரப்படுவது, அட்டையைத் தலைகீழாக நீட்டுவதைவிடப் பெரிய பிழை என்பேன்.