சேற்றில் மிதிக்காதீர்கள்: தனி மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் புதியவர்களிடம் சில வார்த்தைகள்

வெளியுதவி இல்லாமல் நாள்கணக்கில் தனியாக ஓட்டும் மலைச் சைக்கிள் பந்தயங்களில், தொடக்கக் கோட்டில் நிற்பவர்களைப் பார்த்தாலே யார் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். என் பழைய தவறுகளைத்தான் புதிய வண்டிகளில் ஏற்றி வைத்திருப்பார்கள். பயிற்சி செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் சொல்லப் பலர் இருக்கிறார்கள். சொன்னாலும் காதில் ஏறாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஈரக் களிமண்ணில் மிதிப்பது

இதை இன்றைக்கும் என்னால் எரிச்சலில்லாமல் பார்க்க முடிவதில்லை. மழை நனைத்த மண்சாலையில் சில இடங்களில் இருப்பது சாதாரணச் சேறு அல்ல. பிசைந்த மாவைப் போல டயரில் அப்பிக்கொள்ளும் களிமண். சக்கரம் சில சுற்றுகள் சுற்றுவதற்குள் டயருக்கும் சட்டகத்துக்கும் நடுவே அடைத்து இறுகிவிடும். கனடாவின் பான்ஃபிலிருந்து அமெரிக்க – மெக்சிகோ எல்லையிலுள்ள ஆன்டிலோப் வெல்ஸ் வரை சுமார் 4,400 கி.மீ. நீளும் டூர் டிவைட் பந்தயத்தில் மொன்டானாவும் நியூ மெக்சிகோவும் இந்த மண்ணுக்குப் பெயர்போனவை.

சக்கரம் இறுகியதும் புதியவர் என்ன செய்கிறார்? எழுந்து நின்று இன்னும் பலமாக மிதிக்கிறார். செயினிலும், கியர் மாற்ற செயினை நகர்த்தும் பின்பக்கக் கருவியான டீரெய்லரின் சிறு பற்சக்கரங்களிலும் ஏற்கெனவே மண்ணும் புல்லும் சிக்கியிருக்கும். செயின் நகர மறுக்க, காலின் முழு பலமும் டீரெய்லரைப் பின்னிருந்து மேல்நோக்கி இழுக்கும். அது வளைந்து ஸ்போக்குகளுக்குள் புகும். ஒரு மடக்கென்ற சத்தம், அவ்வளவுதான்.

ஒரு மாலையில் நான் சாலையோரப் புல்லில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்த இளைஞர், “நடந்தால் கடை மூடிவிடும் அண்ணா” என்று சொல்லிவிட்டு மிதித்தபடியே கடந்து போனார். அரை மணி நேரம் கழித்து அவரிடம் போய்ச் சேர்ந்தபோது, முறிந்த டீரெய்லரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீரெய்லரைச் சட்டகத்தோடு இணைக்கும் சிறு துண்டான ஹேங்கர் மாற்றாக ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். “வழியில் ஏதாவது கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்” என்றார். மாதக்கணக்கான பயிற்சி, கெஞ்சி வாங்கிய விடுப்பு, சேமிப்பு எல்லாம் விரல் நீள அலுமினியத் துண்டோடு போயின.

அந்த ஹேங்கர் முறிவதற்காகவே செய்யப்பட்டது. சட்டகம் உடையாமலிருக்க அது முதலில் உடைய வேண்டும். சிக்கல் என்னவென்றால், பல வண்டிகளில் ஒரு மாடலின் ஹேங்கர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. 2019-இல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த பொது ஹேங்கர் உங்கள் சட்டகத்தில் இருந்தால் கடையில் கிடைக்க ஓரளவு வாய்ப்புண்டு. இல்லையென்றால் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். எதுவானாலும் பையில் ஒன்று இருக்கட்டும். கூடவே செயின் கருவியும் இணைப்புக் கண்ணியும். செயினைக் குறுக்கி ஒரே கியரில் ஓட்டலாம் என்ற யோசனை பின்பக்க சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் எடுபடாது. சஸ்பென்ஷன் அமுங்கும்போதெல்லாம் செயினுக்குத் தேவையான நீளம் மாறும்.

ஆகவே, டயர் பருக்கத் தொடங்கியதுமே இறங்குங்கள். புல், கல், சாலையின் ஓரம் எது கிடைத்தாலும் அதன்மேல் தள்ளுங்கள். தள்ளினாலும் ஒட்டுகிறதென்றால் தூக்குங்கள். குச்சியால் மண்ணைச் சுரண்டுங்கள். குடிக்கிற தண்ணீரை அதில் வீணாக்காதீர்கள். எதுவுமே நடக்கவில்லையென்றால் படுத்துத் தூங்குங்கள். வெயிலும் காற்றும் சில மணி நேரம் அடித்தால் அதே சாலை ஓட்டும் பதத்துக்கு வந்துவிடுவதுண்டு. இரவுத் தூக்கத்தை முன்கூட்டியே தூங்கிவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னால் என்னைச் சோம்பேறி என்று பார்க்கிறார்கள்!

ஓட்டும் வேகத்தை வைத்துத் திட்டமிடுவது

“மணிக்கு 18 கி.மீ., 16 மணி நேரம், ஆக ஒரு நாளைக்கு 288 கி.மீ.” காகிதத்தில் அழகாக இருக்கும். 2016-இல் மைக் ஹால் டூர் டிவைடை 14 நாட்களுக்குள் முடித்துச் சாதனை படைத்தார். தூங்கிய நேரமும் கடையில் நின்ற நேரமும் சேர்த்துப் பார்த்தால் அவரது சராசரி மணிக்குச் சுமார் 13 கி.மீ. மட்டுமே. நீங்கள் மைக் ஹால் இல்லை. பயிற்சி ஓட்டங்களில் நின்ற நேரத்தையும் சேர்த்து வரும் சராசரியைப் பாருங்கள். அதையும் கொஞ்சம் குறைத்து, அடுத்த கடை மூடும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். பசியோடு பூட்டிய கதவின் முன் நிற்பவர்களில் பலர் மெதுவாக ஓட்டியவர்கள் அல்லர், தப்பாகக் கணக்குப் போட்டவர்கள்.

வழியில் வீட்டார் சாப்பாட்டோடு காத்திருப்பது

விதிமீறல். எல்லாப் போட்டியாளருக்கும் கிடைக்கக்கூடிய உதவியை மட்டுமே நீங்களும் பெறலாம்.

மரத்துப்போன விரல்களைப் பொருட்படுத்தாதது

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். முதல் நாளே ஹேண்டில்பாரின் உயரத்தையும் கை வைக்கும் இடத்தையும் மாற்றுங்கள். பந்தயம் முடிந்து வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சட்டைப் பொத்தான் போடக்கூட விரல் ஒத்துழைக்காது.

டைனமோவை மட்டும் நம்புவது

செங்குத்தான ஏற்றத்தில் நடை வேகத்தில் போகும்போது அது எதையும் உருப்படியாக சார்ஜ் செய்யாது. பவர் பேங்க் வேண்டும். குளிர் இரவுகளில் அதைத் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரத்தில் புதுக் காலணி

வேண்டாம்.

ரெசின் பிரேக் பேடு

மழையும் மணலும் சேர்ந்தால் நீண்ட இறக்கங்களில் மளமளவென்று தேய்ந்துவிடும். உங்கள் டிஸ்க் அனுமதித்தால் உலோகக் கலவைப் பேடு போடுங்கள், உபரியாக ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், இருட்டில் மாற்றிப் பழகுங்கள்.