முதல் சம்பளத்தைப் பேசி வாங்குவது எப்படி: மும்பையில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கு

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்து, அந்தேரியிலோ பாந்த்ரா குர்லா வளாகத்திலோ முதல் வேலைக்குச் சேரும் நம் பெண்களில் பலர், கேட்டால் வேலையே கைநழுவிவிடுமோ என்று பயந்து, ஆஃபர் லெட்டரில் உள்ள தொகைக்கு மறுபேச்சின்றிச் சம்மதித்துவிடுகிறார்கள். ஆண்டு உயர்வு சதவீதக் கணக்கில் வருவதால், இந்த மௌனத்தின் விலை ஏறிக்கொண்டே போகும். ஒரே வேலைக்கு ஒருவர் 6 லட்சத்திலும் இன்னொருவர் 6.60 லட்சத்திலும் சேர்ந்து, இருவருக்கும் ஆண்டுதோறும் 10 சதவீதம் உயர்ந்தால், 60,000 ரூபாயாக இருந்த வித்தியாசம் ஐந்தாவது உயர்வுக்குப் பின் ஏறத்தாழ 96,600 ரூபாயாகிவிடும்.

ஆகவே, பதில் எழுதுமுன் அதே வேலையில் இருக்கும் சீனியர்களிடம், குறிப்பாக ஆண்களிடம், சம்பளத்தை விசாரியுங்கள். சி.டி.சி., அதாவது நிறுவனம் ஓர் ஊழியருக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. நிறுவனம் செலுத்தும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை), இலக்கை எட்டினால் மட்டுமே கிடைக்கும் வேரியபிள் தொகை ஆகியவையும் அதில் அடங்கியிருக்கலாம். இவற்றைக் கழித்து, மாதந்தோறும் உறுதியாக வரும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

பிறகு ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலில், "இந்தப் பொறுப்புக்கான சம்பள வரம்பையும், அதில் என்னை எந்த அடிப்படையில் வைத்தீர்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று எழுதி, நீங்கள் எதிர்பார்க்கும் தொகையையும் குறிப்பிடுங்கள். தயங்கியபடி வாய்மொழியாகக் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். வேலை மாறும்போது பழைய பே ஸ்லிப்பைக் கேட்பார்கள். அதன்மேல் சதவீதம் வைத்துப் பேசினால் பழைய குறை புதிய இடத்துக்கும் வந்துவிடும் என்பதால், புதிய பொறுப்பின் சம்பள வரம்பை வைத்தே பேசுங்கள்.

சேர்ந்த பிறகு வித்தியாசம் தெரியவந்தால், திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கையும் ஒப்பிட்டு மேலாளருக்கு எழுதுங்கள். ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலினத்தைக் காட்டி ஊதியத்தைக் குறைப்பதைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு பார்ப்பதும் இவற்றைத்தான். இதே பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் ஸ்டெனோகிராபராக இருந்த ஆட்ரி டி'கோஸ்டா, ஆண் ஸ்டெனோகிராபர்களுக்கு இணையான ஊதியம் கேட்டு நடத்திய வழக்கில், நிறுவனத்தின் நிதி நெருக்கடியைக் காரணமாக ஏற்க முடியாது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் அசையாவிட்டால் தொழிலாளர் துறையிடம் செல்லலாம். அதற்கு ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப்கள், அப்ரைசல் கடிதங்கள் ஆகியவற்றின் பிரதிகளை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உங்கள் சொந்தக் கோப்பில் வைத்திருங்கள்.