கீசர் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? கணக்குப் போடும் முறை

கீசர் மாட்டும்போது எந்த வயர், எந்தப் ப்ளக், எத்தனை ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) என்று மூன்று கேள்விகள் வரும். மின்னோட்டம் தெரிந்துவிட்டால் மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் கீசரின் தகட்டைப் படியுங்கள். எங்கள் வீட்டுக் கீசரில் 2000 வாட், 230 வோல்ட் என்று இருக்கிறது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும்: 2000 ÷ 230 = 8.7. எனவே 6 ஆம்பியர் ப்ளக் கூடவே கூடாது, 16 ஆம்பியர் ப்ளக்தான் வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 16 ஆம்பியர் எம்சிபியும் போதும். எம்சிபி காப்பது வயரைத்தான். அது அடிக்கடி விழுகிறது என்று வயரை மாற்றாமல் பெரிய எம்சிபி போட்டுவிடாதீர்கள்.

அடுத்த இடத்தில்தான் நான் தடுக்கி விழுந்தேன். எங்கள் தெருவில் மாலையில் வோல்டேஜ் 190க்கு இறங்கிவிடும். அதே சூத்திரத்தைப் போட்டேன்: 2000 ÷ 190 = 10.5. வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறும் என்று நினைத்துக்கொண்டேன். எலக்ட்ரீசியன் அளந்தபோது மீட்டர் 7.2 என்று காட்டியது!

தகட்டில் உள்ள 2000 வாட் 230 வோல்ட்டுக்கு மட்டுமே பொருந்தும். மாறாமல் இருப்பது ஹீட்டர் காயிலின் மின்தடை. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்: 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். பிறகு 190 ÷ 26.45 = 7.2 ஆம்பியர். 190ஐ 7.2ஆல் பெருக்கினால் சுமார் 1,370 வாட்தான் வருகிறது. காலையில் 18 நிமிடத்தில் சுடும் 15 லிட்டர் தண்ணீர் மாலையில் 27 நிமிடம் எடுத்ததற்குக் காரணம் இதுதான். வாட் குறைந்த அளவுக்கு நேரம் கூடிவிடுவதால் கரண்ட் பில்லும் குறையாது.

அளப்பதற்கு என் தேர்வு கிளாம்ப் மீட்டர். வயரை அறுக்காமலே அளக்கலாம். ஆனால் ஒற்றை வயரை மட்டும் கவ்வ வேண்டும். போகும் வயரையும் திரும்பும் வயரையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று ஈடுசெய்து பூஜ்ஜியம் காட்டும். மூடி திறந்த பெட்டிக்குள் அளக்க வேண்டியிருந்தால் எலக்ட்ரீசியனை அழைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: தண்ணீர் மோட்டாருக்கும் இதே கணக்கா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. 1 ஹெச்பி என்பது 746 வாட். ஆனால் அது மோட்டார் வெளியே தரும் வேலை, உள்ளே வாங்கும் மின்சாரம் அதைவிட அதிகம். வாங்கும் மின்சாரத்தில் வேலையாக மாறும் பங்கு (செயல்திறன்) 70 சதவீதம், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டாக இருக்கும் பங்கு) 0.8 என்று வைத்தால், 746 ÷ 0.7 ÷ 0.8 ÷ 230 = 5.8 ஆம்பியர். வெறுமனே 746ஐ 230ஆல் வகுத்தால் 3.2 என்று ஏமாந்துபோவோம். சுமையோடு ஓடும் மோட்டாரில் வோல்டேஜ் இறங்கினால் கரண்ட் ஏறவே செய்யும், காயில் கருகும். மோட்டார் தகட்டில் ஆம்பியர் அச்சிட்டிருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.