சிறிய மீன்தொட்டிக்குப் பாசி தின்னும் துணைகளைத் தெரிவுசெய்தல்

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில் ஏறக்குறைய 55 லீற்றர் தண்ணீர்தான் கொள்ளும். அதன் கண்ணாடியில் பாசி படரத் தொடங்கியதும் கடைக்குப் போய் "அழுக்குத் தின்கிற மீன் ஏதாவது தாருங்கள்" என்று கேட்டால், விரல் நீளத்தில் ஒரு டேங்க் கிளீனரைப் பையில் போட்டுத் தந்துவிடுவார்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கியவன்தான். அது ஓரடிக்கு மேல் வளரும் இனம் என்பதை, செடிகளையெல்லாம் பிடுங்கியெறிந்து, நூல்நூலாக எச்சத்தை மணலில் பரப்பத் தொடங்கிய பிறகே அறிந்தேன். வளர்ந்துவிட்டது என்பதற்காக அதைக் கந்தளாய்க் குளத்திலோ வேறெந்த நீர்நிலையிலோ விட்டுவிடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த இந்த மீன் இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கனவே பெருகித் தொல்லையாகியிருக்கிறது.

எந்தத் துணையைச் சேர்த்தாலும், அது தின்பதெல்லாம் எச்சமாகத் தொட்டிக்குள்ளேயே திரும்பி வருகிறது. அதிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுபவை வடிகட்டியில் குடியிருக்கும் பக்டீரியாக்களே என்பதால், வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றும் வேலை நம் தலையில்தான் இருக்கும். பக்டீரியா நிலைகொள்ளப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் செல்லும். அதற்கு முன் துணைகளை வாங்க வேண்டாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நம் ஊர்த் தண்ணீர். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் தொட்டி நீர் 30 பாகை செல்சியஸைத் தொடுவது சாதாரணம். கரையோரக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கடினமானது, சிலவற்றில் உவர்ப்பும் உண்டு. குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போவதற்காகத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தே ஊற்ற வேண்டும்.

இந்தக் கடின நீரை விரும்பும் துணை நெரைட் நத்தை. மென்மையான, அமிலத்தன்மையுள்ள நீரில் அரிபடும் அதன் ஓடு இங்கே உறுதியாக வளர்கிறது. கண்ணாடியில் ஒட்டிய பச்சைப் படலத்தை அது போகும் வழியெல்லாம் சுரண்டித் தின்பதை, விளக்கைப் போட்டுவிட்டு அருகிலிருந்து பார்த்தால் நாக்கு வெளியே வந்துபோவது உட்படக் காணலாம். நன்னீரில் அதன் முட்டைகள் பொரிக்காததால் இனம் பெருகிவிடுமோ என்ற பயமில்லை, ஆனால் எள்ளளவில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டைகளைக் கற்களில் ஒட்டிவிடும். அவற்றைச் சுரண்டி எடுப்பது சிரமம். நத்தை மேலேறி வெளியே விழாதபடி மூடி வேண்டும். 55 லீற்றருக்கு இரண்டு, மூன்று போதும். பாசி தீர்ந்துவிட்டால் அவித்த வெள்ளரித் துண்டு போடலாம். கடற்கரைக் கற்களில் பிடித்த நத்தையைக் கொண்டுவந்து விடாதீர்கள், அது நன்னீரில் செத்து நாறிவிடும்.

மீன் வேண்டுமென்றால் மொலி நல்லது. கடின நீரும் இலேசான உப்பும் அதற்கு ஒத்துவரும். நீர்ப்பரப்பின் எண்ணெய்ப் படலத்தையும் நூற்பாசியையும் கொத்தித் தின்னும். ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் போதும். குஞ்சுகளை ஏற்க ஆள் இருக்கிறதா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள்.

செரி இறால் அடர்த்தியான செடிகளுள்ள, காற்றுக்குழாய் இடைவிடாது ஓடும் தொட்டியில் தாக்குப்பிடிக்கும், கச்சான் காலத்தில்தான் சிரமப்படும். பைட்டர் மீனோடு விட்டால் பெரும்பாலும் அதன் உணவாகிவிடும். கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தி, குறைந்தது ஆறு சேர்ந்து கூட்டமாக இருக்க வேண்டிய மீன், அதில் பல இனங்கள் குளிர்ந்த நீரையே விரும்புபவை, அதனால் இந்த அளவுத் தொட்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

புதிதாக வாங்கியதை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின், பையில் எடுத்து, அந்தப் பையைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, அதன் பிறகே வலையால் எடுத்து விடுங்கள். மீன்களுக்கு நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை இந்தத் துணைகள் உள்ள தொட்டியில் ஊற்றக் கூடாது. நத்தையும் இறாலும் அதில் முதலில் செத்துப்போகும்.