பல்லுக்கு 19 நாள் போதாது

ஊருக்குப் போகும்போது பல்லையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு வருவோம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கனடாவில் ஒரு முன்பல்லுக்கு வீனியர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு) ஒட்ட என்னிடம் 1,500 டாலர் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தக் காசுக்கு ஒரு வரிசையையே செய்யலாம் என்று ஸ்காபரோவில் யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். சென்ற ஆண்டு மே மாதம், பெறாமகளின் கல்யாணத்துக்காக 19 நாள் விடுமுறையில் போனேன். திரும்பி வந்தபோது நல்ல பற்கள் ஆறு பாழாகியிருந்தன.

என் மேல்வாய் முன்பல் ஒன்றின் முனை உடைந்திருந்தது. ஒன்பது வயதில் கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்தபோது உடைந்தது. அம்மா அந்தத் துண்டைத் தேடியெடுத்து, பாற்பல்லை எறிவதுபோலக் கூரைக்கு மேல் எறிந்து, அணிலிடம் புதுப்பல் கேட்கச் சொன்னார். அது பாற்பல் இல்லை என்று அவருக்குத் தெரியும். என் அழுகையை நிறுத்தவே அப்படிச் செய்தார். அந்த முனையை நிரப்புவதும், பற்களைக் கொஞ்சம் வெளுப்பாக்குவதுமே என் திட்டம். இரண்டும் விடுமுறைக்குள் அடங்கும் வேலைகள்.

உடைந்த முனை, பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி, கோணலாகத் தெரியும் ஓர் ஓரம் ஆகியவற்றுக்குக் கம்போசிட் போதும். பல்லின் நிறத்திலேயே வரும் பிசினை அடுக்கடுக்காக வைத்து, நீல ஒளியால் இறுக்கி, மெருகேற்றுவார்கள். ஒரே அமர்வில் முடியும். பெரும்பாலும் பல்லைச் செதுக்கவே தேவையில்லை. 5 முதல் 7 ஆண்டுகளில் தேயும், தேத்தண்ணீரில் நிறம் மாறும். ஆனால் பழுதானால் திருத்தலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பயணத்தில் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

வெளுப்பாக்குவதில் வரிசை முக்கியம். முதலில் ஊத்தையையும் காரையையும் எடுத்து முரசை (ஈறை) ஆற்ற வேண்டும். இரத்தம் கசியும் முரசுக்குப் பக்கத்தில் எதுவும் ஒழுங்காக ஒட்டாது. அதன் பிறகே பெராக்சைடு ஜெல். பிரித்தானியாவில் பல் வைத்தியர்கள் பயன்படுத்தக்கூடிய உச்ச அளவு 6 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு. ஊரில் அதற்கு மேல் வைத்து ஒரு மணி நேரத்தில் வெளுப்பாக்குகிறோம் என்று சொன்னால், அந்த இரவு பல் கூச்சத்தால் நீங்கள் படுக்கமாட்டீர்கள். ஏற்கெனவே போட்ட அடைப்பும் உறையும் வெளுக்காது. ஆகவே முதலில் வெளுப்பாக்கி, நிறம் நிலைக்க இரண்டு வாரம் விட்டு, அந்த நிறத்துக்குப் பொருத்தமாகக் கம்போசிட் வைக்க வேண்டும். ஜெல்லுக்கும் பிசினுக்கும் நடுவே அந்த இடைவெளி விடாவிட்டால் பிசின் இறுகப் பிடிக்காது. மூன்று வாரம் மட்டுமே இருப்பவர்கள் வெளுப்பாக்குதலைப் புறப்படுமுன் இங்கேயே, பல்லில் மாட்டும் தட்டில் ஜெல் வைத்து, வீட்டில் முடித்துக்கொண்டு போவது நல்லது.

வவுனியா, அனுராதபுரம் பக்கக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் இருக்கும் கபிலக் கறை வேறு வகை. பல் முளைக்குமுன் ஃபுளோரைடு அதிகமாகச் சேர்ந்ததால் எனாமலுக்குள்ளேயே வருவது அது. தேய்த்தால் போகாது, உமிக்கரிக்கும் போகாது. மேற்பரப்பை மிக மெல்லியதாக உரசி எடுக்கும் முறையும், பிசினை ஊறவைக்கும் முறையும் இருக்கின்றன. அவற்றைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நான் இந்த அளவில் நின்றிருக்க வேண்டும். போய் இறங்கிய இரண்டாம் நாளே சின்னம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய மருமகன் பல் வைத்தியர். வங்கிக் கடனில் புதிதாக ஒரு கிளினிக் திறந்திருந்தார். "பிள்ளை, வீட்டுக்குள்ளேயே வைத்தியர் இருக்க நீ பிறத்தியாருக்குக் காசு கொடுப்பாயோ?" என்று கேட்டார். நான் வேறொருவரிடம் நேரம் எடுத்திருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. 1998இல் என்னைக் கொழும்பு வழியாக வெளியே அனுப்ப முகவருக்குக் கட்டிய காசில் பாதி, சின்னம்மா தன் தாலிக்கொடியை அடகு வைத்து எடுத்தது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அன்றும் சொல்லவில்லை. கொடியை விரலால் நெருடியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரி என்றேன்.

ஒரு முனையை மட்டும் நிரப்பினால் எடுபடாது, ஆறு பல்லுக்கும் வீனியர் போட்டால் கல்யாணப் படங்களில் நன்றாக இருக்கும் என்றார் அந்த மருமகன், தங்கச்சியின் கணவர். வீனியர் என்பது பல்லின் முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, மெல்லிய பீங்கான் ஓட்டை ஒட்டுவது. நல்ல கையில் 10, 15 ஆண்டுகள் நிற்கும். அவர் செய்தது அதுவல்ல. விறைப்பு ஊசி போட்டு, ஒன்றரை மணி நேரத்தில் ஆறு பற்களையும் சுற்றிவர அராவிவிட்டார். அது பல் முழுவதையும் மூடும் முழு உறைக்கான வேலை. முழு உறைக்குப் பல்லின் வெளியே தெரியும் பகுதியில் பாதிக்கு மேல் போய்விடும். இடையில் கைக்கண்ணாடி கேட்டேன். "பிறகு பார்க்கலாம் அக்கா" என்றார். இரண்டு நாள் கழித்துத் தற்காலிக உறை ஒன்று கழன்று கையில் வந்தபோதுதான் உள்ளே பார்த்தேன். சீவிய பென்சில் முனைபோல ஒன்று நின்றது. பிரித்தானியாவில் இப்படி அராவப்பட்டுத் திரும்பி வருகிறவர்களின் வாயைத் 'துருக்கிப் பற்கள்' என்றே சொல்கிறார்கள். சூத்தை இல்லாத, வலி இல்லாத பற்கள் அவை. 37 ஆண்டுகள் என்னோடு இருந்தவை.

பற்களின் அச்சு, உறை செய்யும் கொழும்பு லாப்புக்குப் போனது. ஐந்து வேலைநாள் என்றார்கள். நடுவில் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை வந்தது. இரண்டு நாள் அரச விடுமுறை, அதோடு சனி, ஞாயிறு. உறைகள் வந்து சேர்ந்தது கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை. ஆறும் ஒரே வெள்ளை, சுவரில் பதித்த ஓடு மாதிரி. கீழ்வரிசைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கடித்தால் உயரம் இடித்தது. திருப்பி அனுப்ப நாள் இல்லாததால் ஒட்டிவிட்டார். பெறாமகளின் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் நான் வாயை மூடியபடி நிற்கிறேன்.

திரும்பும் விமானத்தில் இரண்டு பற்கள் துடிக்கத் தொடங்கின. இரண்டுக்கும் இங்கே வேர்ச்சிகிச்சை செய்தாயிற்று. உறைகள் ஆறையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இங்குள்ள வைத்தியர், உறை என்ன பொருள், என்ன பசை, எக்ஸ்ரே எங்கே என்று கேட்டார். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஊரில் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையின் மூன்று மடங்கு இதுவரை போய்விட்டது. சின்னம்மா தொலைபேசியில், "பல் எப்படிப் பிள்ளை?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஆகவே உறவுக்குள் வைத்தியம் செய்யப் போகாதீர்கள். அவர்கள் செய்த உதவிக்குக் கைம்மாறு செய்ய விரும்பினால் ஒரு தொகையைக் கடித உறையில் போட்டு, காலில் விழுந்து கொடுங்கள். நான் அதைத்தான் செய்திருக்க வேண்டும். உறவென்றால் விலை கேட்க முடியாது, எழுதித் தரச் சொல்ல முடியாது, நாற்காலியிலிருந்து எழுந்து வர முடியாது. பிறத்தியாரிடம் இவை எல்லாம் முடியும்.

இலங்கையில் நல்ல பல் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலானோர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தில் படித்து வந்தவர்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நல்லவர்களில் பலர் அரச மருத்துவமனையில் வேலை செய்துவிட்டு மாலையில்தான் தனியாக நோயாளரைப் பார்ப்பார்கள். உங்கள் மாலைகள் அதற்குப் போய்விடும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் வெளிநாட்டுக்காரர் எல்லோரும் அதே கதவைத்தான் தட்டுவார்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை என்பதை லாப்பின் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

பல்லில் கருவி படுமுன், முடிவு எப்படி இருக்கும் என்று மெழுகிலோ தற்காலிகப் பிசினிலோ செய்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வீனியரா, முழு உறையா என்பதை அவர் கையால் எழுதி வாங்குங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், அமர்வின் தொடக்கத்திலேயே தெரிவு செய்யுங்கள். வாயைத் திறந்து வைத்திருக்க வைத்திருக்கப் பல் காய்ந்து, உள்ளதைவிட வெள்ளையாகத் தெரியும். நிற அட்டையில் என் பல் ஏ3. ஒட்டியதோ எந்த மனிதருக்கும் இயற்கையில் வராத வெள்ளை. எக்ஸ்ரே படங்கள், பொருளின் பெயர், நிற எண் எல்லாம் உங்கள் தொலைபேசியில் ஏறாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

தாடையில் திருகு பதித்துப் பல் வைக்கும் இம்பிளான்ட் ஒரே பயணத்தில் முடியாது. தாடை எலும்பு திருகைப் பற்றிக்கொள்ள 3 முதல் 6 மாதம் வேண்டும். பல்லை நேராக்கும் அலைனரை நாளுக்கு 22 மணி நேரம், பல மாதங்கள் அணிய வேண்டும். இவற்றைத் தொடங்கினால் நீங்கள் வாழும் ஊரிலேயே தொடங்குங்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு இப்போது விமானம் இருப்பதால் அங்கே போய்ச் செய்யலாம் என்பவர்களும் உண்டு. கைத்திறன் அங்கே நிறைய இருக்கிறது. ஆனால் விசாவும் இரண்டு பக்கப் பயணமும் உங்கள் மூன்று வாரத்தை இன்னும் சுருக்கும்.

முன்பல்லில் எது ஒட்டியிருந்தாலும் புழுக்கொடியலை (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கை) கடிக்காதீர்கள். அம்மாவும் அதைக் கடிப்பதில்லை. உரலில் இடித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறார். அது அவருடைய பக்குவம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வடையையும் அப்பளத்தையும் எடுத்து என் இலையில் வைத்தார். சோற்றைப் பாயசத்தோடு பிசைந்து விழுங்கினார். கட்டுப்பல் லேஞ்சியில் சுற்றி மடியில் இருந்தது. 2013இல் நான் அனுப்பிய காசில் கட்டியது. அப்போது சிரித்தபடி ஒரு படம் அனுப்பினார். அதோடு அந்த வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டேன். பல் போன இடத்தில் தாடை எலும்பு ஆண்டுக்கு ஆண்டு கரையும். கட்டுப்பல் தளர்ந்து, உரசி, புண்ணாக்கும். உட்பக்கத்தை அவ்வப்போது திருத்த வேண்டும், சில ஆண்டுகளில் புதிதாகவே கட்ட வேண்டும். வீடியோவில் பேசும்போது அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். ஒருமுறையும் ஏன் என்று கேட்கவில்லை.

முழுக் கட்டுப்பல்லுக்கு நாலைந்து சந்திப்புகள் வேண்டும்: அச்சு, கடியின் அளவு, மெழுகில் வைத்துப் பார்ப்பது, பொருத்துவது, பிறகு உரசும் இடத்தை அராவித் திருத்துவது. மூன்று வார விடுமுறைக்கு மிகச் சரியாகப் பொருந்தும் பல் வேலை இதுதான். முதல் வாரத்திலேயே தொடங்கினால், திருத்துவதற்கு நாள் மிஞ்சும். வெற்றிலை போடும் பெரியவர் என்றால், அதே நாற்காலியில் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஆறாத திட்டு இருந்தால் விட்டுவிடக்கூடாது.

வரும் மாசியில் மறுபடியும் போகிறேன். இறங்கி மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அம்மாவுக்கு நேரம் எடுத்திருக்கிறேன், பிறத்தியார் ஒருவரிடம். சின்னம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.