பழைய டிவிடியில் கிரேற்றிங்: எங்கே கெடுகிறது?

நிறமாலை பார்க்கும் பெட்டி செய்யக் கிரேற்றிங் வேண்டும், அதாவது ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நெருக்கமான கோடுகள் கொண்ட தட்டு. மில்லிமீற்றருக்குள் நூற்றுக்கணக்கில் கோடு வேண்டும் என்றதும் கணினியில் கோடு வரைந்து, கிளிநொச்சியில் ஏதாவதொரு கொம்யூனிகேசனில் கண்ணாடித் தாளில் பிரின்ற் எடுக்க ஓடாதீர்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) பிரின்றர் மில்லிமீற்றருக்கு 24 புள்ளிதான் போடும். கறுப்பொன்று, இடைவெளியொன்று என்று வைத்தால் 12 கோடு. நிறமாலை பார்க்க அது காணாது. வீட்டில் கிடக்கும் டிவிடியில் தடத்துக்குத் தடம் 0.74 மைக்ரோமீற்றர், அதாவது மில்லிமீற்றருக்கு 1350 கோடு சும்மா கிடக்கிறது.

பதிவு செய்யும் வகை டிவிடி நல்லது. வெளியோரத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள், அங்கேதான் வட்டத் தடம் ஓரளவு நேராக ஓடும். விளிம்பில் பிளேட்டை விட்டு நெம்பினால் இரண்டு தட்டாகப் பிரியும். ஒளி புகும் தட்டுத்தான் நமக்கு. அதில் ஒட்டியிருக்கும் ஊதாச் சாயத்தை எடுக்கத் தின்னரோ நெயில் பொலிஷ் ரிமூவரோ ஊற்றினால் பிளாஸ்ரிக் வெளுத்து முடிந்தது கதை. பாமசி ஸ்பிரிற்றை ஊற்றிக் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். திறந்த பக்கத்தில்தான் தவாளிப்புகள், விரல் எண்ணெய் பட்டால் நிரம்பிவிடும். சோளகக் காற்றில் கிரவல் றோட்டுப் புழுதி வந்து படிந்ததும் கை தானாகச் சாரத்து நுனியைத் தேடும். எனக்கும் தேடியது, ஒரு நல்ல துண்டு போனது! பேணிக்குள் மூடி வையுங்கள்.

பெட்டியில் ஒளி நுழையும் பிளவு துண்டின் தவாளிப்புக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். வெளிச்சம் காணாதென்று பிளவை அகட்டினால் கோடுகள் கரைந்துவிடும். சிஎஃப்எல் குமிழின் 546 நானோமீற்றர் பச்சைக் கோடு கூராகத் தெரியும்வரை ஒடுக்குங்கள்.

உயர்தரப் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது கணக்கில். தட இடைவெளியை முதற்புள்ளியின் கோணத்துச் சைனால் பெருக்கினால் அலைநீளம். இரட்டைப் பிளவில் பழகிய கையோடு, சுவரில் அளந்த தூரத்தைச் சுவர்வரையான தூரத்தால் பிரித்து அதையே சைன் என்று எழுதிவிடுவார்கள். 650 நானோமீற்றர் சிவப்பு லேசரைத் துண்டுக்குச் செங்குத்தாக விட்டால் முதற்புள்ளி 61 பாகையில், ஒரு மீற்றர் தள்ளிய சுவரில் நடுவிலிருந்து 1.83 மீற்றரில் விழும். அப்போ சைன் 1.83ஆ? சைன் ஒன்றைத் தாண்டாதே! அப்படியே போட்டுத் தட இடைவெளி 0.36 மைக்ரோமீற்றர் என்று விடை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். தாஞ்சனால் கோணத்தை எடுங்கள், அப்புறம் சைன். இரண்டாம் புள்ளியைத் தேடி மினக்கெடவும் வேண்டாம், அதற்கு சைன் 1.76 ஆக வேண்டும். சிடியில் தடம் 1.6 மைக்ரோமீற்றர் என்பதால் அது 54 பாகையில் வரும்.

பெட்டியைச் சூரியனுக்கு நேரே மட்டும் பிடிக்காதீர்கள். வெயில் பட்ட வெள்ளை மதிலைப் பார்த்தாலே போதும், பிளவு ஒடுக்கமென்றால் சூரிய நிறமாலையில் உள்ள பிரவுன்கோபரின் கறுப்புக் கோடுகள் அதிலேயே தெரியும்.