விடியற்காலை 4:30 மணிக்கு எழுப்பும் பூனையை 6 மணி வரை பொறுக்கப் பழக்கும் முறை

எங்கள் வீட்டுப் பூனை மல்லிக்கு மூன்று வயது. சென்ற ஆடி மாதம் வரை அவள் நாள் தவறாமல் விடியற்காலை 4:30 மணிக்கு என் தலையணையருகே வந்து கத்துவாள். பதில் இல்லையென்றால் போர்வைக்கு வெளியே தெரியும் கால்விரலைக் கடிப்பாள். நான் எழுந்து கிண்ணத்தில் உணவு போட்ட பிறகுதான் அடங்குவாள். இப்போது 6 மணிக்கு முன் அவள் என்னைத் தேடி வருவதில்லை. இந்த மாற்றத்துக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதில் ஏறக்குறைய பாதி என் தவற்றால் வீணானது என்பதால், அந்தத் தவறு நேர்ந்த இடத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பூனையை இரவு விலங்கு என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் அது அந்தியிலும் விடியலுக்குச் சற்று முன்பும் மிகச் சுறுசுறுப்பாக இயங்கும் உயிர். எலியும் சிறு பறவையும் நடமாடத் தொடங்கும் அந்த மங்கிய வெளிச்சமே அதன் முன்னோர்க்கு வேட்டை நேரம். ஆகவே 4:30 மணிக்கு அது விழிப்பதை நம்மால் மாற்ற முடியாது. விழித்தவுடன் நம்மை எழுப்ப வருவது மட்டும் நாம் கற்றுக்கொடுத்த பழக்கம், அதை மாற்றலாம்.

முதலில் ஒரு வாரம், பூனை எழுப்பும் நேரத்தையும், அப்போது நீங்கள் செய்ததையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். சென்னையில் மே மாத இறுதியில் 5:40 மணியையொட்டி உதிக்கும் சூரியன், ஜனவரி இறுதியில் 6:30 மணியைத் தாண்டித்தான் உதிக்கிறது. உங்கள் பூனையின் நேரமும் இதையொட்டி நகர்ந்தால் அதை எழுப்புவது வெளிச்சமும் பறவை ஒலியும்தான். கனத்த திரைச்சீலையே பெருமளவு உதவும். மல்லியின் நேரமோ சிறிதும் நகரவில்லை. வாசலில் பால் பாக்கெட் போடும் ஓசை கேட்டதும் நான் எழுவேன் என்பதை அவள் அறிந்து வைத்திருந்தாள்.

அடுத்து, இரவு வழக்கத்தை மாற்ற வேண்டும். நீங்கள் படுப்பதற்கு அரைமணி முன்பு, குச்சியில் இறகு கட்டிய பொம்மையை வைத்துப் பதினைந்து நிமிடம் பூனையை ஓடவும் பாயவும் விடுங்கள். முடிவில் அதைப் பிடிக்க விட்டு, உடனே இரவு உணவைக் கொடுங்கள். வேட்டையாடி, உண்டு, உடலை நக்கிச் சுத்தம் செய்து, பிறகு உறங்குவதே பூனையின் இயல்பான வரிசை. லேசர் ஒளியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கையில் அகப்படாத இரையைத் துரத்தும் பூனை ஏமாற்றத்தோடுதான் படுக்கும். விளையாட்டு முடிந்ததும் கயிறுள்ள பொம்மையைப் பூட்டி வைத்துவிடுங்கள். விழுங்கிய கயிறு குடலைச் சுருட்டி உயிருக்கே ஆபத்தாகும்.

இனி, விடியற்கால உணவை உங்கள் கையிலிருந்து பிரிக்க வேண்டும். இதற்கு நேரம் வைத்துத் திறக்கும் ஆட்டோமேட்டிக் ஃபீடர் ஒன்று போதும். கேமராவும் செயலியும் உள்ளதைவிட, மின்சாரத்திலும் பேட்டரியிலும் இயங்கும் எளிய கருவியையே நான் விரும்புகிறேன். மின்வெட்டு நேர்ந்த ஒரு நாள் அது திறக்கவில்லையென்றால் பூனை நேராக உங்களிடம்தான் வரும். கருவியைப் படுக்கையறையிலிருந்து இயன்ற அளவு தள்ளி வையுங்கள். மல்லிக்கு நாளொன்றுக்கு 55 கிராம் உலர் உணவு. அதில் 10 கிராமை மட்டும் 4:15 மணிக்கு விழும்படி வைத்தேன். அவள் எழுப்பும் நேரத்துக்கு முன்பே உணவு விழுவது முக்கியம். மூன்று நாளுக்கு ஒருமுறை 10 நிமிடம் வீதம் தள்ளிக்கொண்டே போனதில், ஒரு மாதத்தில் அது 5:55 மணிக்கு வந்து நின்றது. அவள் இப்போது காத்திருப்பது கருவியின் முன்னால். என் முகத்தின் முன்னால் அல்ல.

நான் இடறியது இதற்கு முன்னால். கருவி வாங்குவதற்கு முன், கத்தினாலும் எழுவதில்லை என்று மட்டும் உறுதி எடுத்துக்கொண்டு ஐந்து நாள் கண்ணை மூடிக்கிடந்தேன். ஆறாம் நாள் அவள் மேசைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரைத் தட்டி உருட்டினாள். அண்டை வீட்டார் விழித்துவிடுவார்களே என்று அஞ்சி எழுந்து உணவு போட்டேன். அணையப் போகும் விளக்கு சுடர்விட்டு எரிவதைப் போல, பலன் கிடைக்காத பழக்கமும் ஒழிவதற்கு முன் மிகத் தீவிரமாகும் என்பது அன்று எனக்குத் தெரியாது. டம்ளரை உருட்டினால் உணவு வரும் என்று நானே அவளுக்குப் பாடம் சொல்லிவிட்டேன். அதன்பின் மூன்று வாரம் டம்ளர்தான். ஆகவே உருளக்கூடிய பொருள்களை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு, அந்தத் தீவிரம் வரும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். அதட்டுவதும் தள்ளிவிடுவதும்கூடப் பூனைக்குப் பதில்தான், அசையாமல் இருங்கள். நீங்கள் எழுந்த பிறகும் உடனே கிண்ணத்தைத் தொடாமல், பல் துலக்கி, வாசல் தெளித்து, அரைமணி கழித்து உணவு கொடுங்கள்.

வீட்டிலுள்ள அனைவரும் இதற்கு உடன்பட வேண்டும். நான் அசையாமல் கிடந்த நாள்களில் என் அம்மா, வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கிறதே என்று இரங்கி, அடுப்படியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் கழிச்சல் உண்டாகும் என்று விளக்கியதும் நிறுத்திவிட்டார். அவருடைய இரக்கத்தில் நியாயம் இருந்தது. பூனையைப் பட்டினி போட்டு இப்பழக்கத்தை மாற்ற எவரும் முயலக்கூடாது. குறிப்பாகப் பருத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்து நேரும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றில் மூன்றுக்கு இங்கேயே விடை தருகிறேன். பன்னிரண்டு வயதுப் பூனை திடீரென இரவெல்லாம் ஓலமிடத் தொடங்கினால் அது பழக்கமாக இராது. தைராய்டு மிகை, சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்காகக் கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். கருத்தடை செய்யாத பெண் பூனை தரையில் புரண்டு, பின்புறத்தை உயர்த்திக் கத்தினால் அது இணை தேடும் அழைப்பு. அறுவை சிகிச்சையைத் தவிர மேற்சொன்ன எதுவும் பயன்படாது. கருவியில் எறும்பு ஏறுகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு பலகைக்கட்டை வைத்து அதன்மேல் கருவியை நிறுத்துங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும், கொசு முட்டையிடும்.